நாலு பத்து

இங்க யாரும் உக்காந்திருக்காங்களா அண்ணாச்சி? அந்தப் பைய மட்டும் கொஞ்சம் நகட்டிக்கிடுங்க. ஆங், போதும். எனக்கு இந்த நாற்காலிதான் வேணும். இங்க இருந்து பாத்தாதான் ஆபரேஷன் தியேட்டர் கதவும் தெரியுது, அதுக்கு மேல மாட்டியிருக்க கடிகாரமும் தெரியுது. ரெண்டும் என் கண்ணுக்கு முன்னால இருக்கணும்.

உங்க பாக்கெட்டுல இருக்க பேனாவ ஒரு நிமிஷம் தாரீங்களா? என் பேனா கையெழுத்து வாங்குற அட்டையோட உள்ள போயிட்டு. நர்ஸ் பொண்ணு புடுங்குன வேகத்துல பேனாவையும் சேத்துக் கொண்டு போயிட்டா. கறுப்பு மைப் பேனா, பதினேழு வருஷமா அதுலதான் எழுதுதேன். இது நீலமா? சரி, இருக்கட்டும். 'அஞ்சு ரெண்டு. உள்ள கொண்டு போனாங்க.' எழுதியாச்சு. இந்தாங்க.

என் மக உள்ள இருக்கா. பூரணின்னு பேரு. தலைப் பிரசவம். காலையில வலி எடுத்துச்சு, இப்ப ஆபரேஷன்னுட்டாங்க. அந்தா, தூண் பக்கத்துல சட்டையில கறையோட நிக்காரே, அவருதான் மாப்பிள்ளை. சைலப்பன். மின்சார வாரியத்துல வேலை. அரை மணி நேரமா என்கிட்ட பேச மாட்டேங்காரு. சின்ன வயசு, பதட்டம். வீட்டுக்காரி கீழ வேப்பமரத்தடிப் பிள்ளையார் முன்னால போயி உக்காந்துக்கிட்டா. கூப்பிட்டா மேல வர மாட்டேங்கா.

உங்களுக்கு யாரு? அம்மாவா? வழுக்கி விழுந்து இடுப்பெலும்பா? எத்தன மணிக்கு விழுந்தாங்க? காலையிலன்னா, காலையில எத்தன மணி? இங்க எத்தன மணிக்குக் கொண்டு வந்தீங்க? டாக்டர் எத்தன மணிக்கு வந்து பாத்தாரு? பாத்தீங்களா, ஒண்ணும் தெரியல. நான் குத்தம் சொல்லல அண்ணாச்சி. நம்ம ஆளுக எல்லாரும் இப்படித்தான். பையில ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும், ஃப்ளாஸ்க் இருக்கும், விபூதி இருக்கும். ஒரு சின்ன நோட்டு இருக்காது.

நான் வக்கீல். பாளையங்கோட்டை ஆவுடையப்பன்னா நம்ம பக்கத்து கோர்ட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. நிலத்தகராறு, விவாகரத்து, செக் கேஸு எதுவும் தொட மாட்டேன். ஆஸ்பத்திரி கேஸ் மட்டும்தான். டாக்டர் தப்பா அறுத்தது, தப்பா ஊசி போட்டது, கவனிக்காம விட்டது. பாதிக்கப்பட்ட சனங்களுக்கு மட்டும்தான் ஆஜராவேன். டாக்டருக்காக இதுவரைக்கும் ஒரு தடவ கூட நின்னதில்ல. இருபத்தாறு வருஷமாச்சு.

முதக் கேஸு எப்படி வந்துச்சு தெரியுமா? அப்ப நான் ஒரு சீனியருக்குக் கீழ நிலத்தகராறுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். மேலப்பாளையத்துல இருந்து ஒரு பொம்பள வந்தா, ரஹ்மத் பீவின்னு. பீடி சுத்துறவ. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிஞ்சு பதினோரு மாசமா வயித்து வலி. ஆபரேஷன் பண்ணுன டாக்டர்கிட்ட ஒம்பது தடவ போயிருக்கா. 'உனக்கு மனசுலதான் வலி'ன்னு சொல்லி அனுப்பியிருக்கான். கடைசியில வேற ஊர்ல போயி வயித்தத் திறந்தா, உள்ள துணி. கைக்குட்டை அளவு துணி. அத ஒரு ஊறுகாய் பாட்டில்ல போட்டுக் கொண்டு வந்து என் மேஜைமேல வச்சா. 'இது என் மனசா சார்?'னு கேட்டா. நான் அன்னைக்கு அழுதேன் அண்ணாச்சி. சும்மா சொல்லல, அழுதேன். ஆபரேஷனுக்குச் சம்மதம்னு அவகிட்ட வாங்குன படிவத்துல பாதி இடம் காலியா இருந்துச்சு. காலி இடத்துக்குக் கீழ அவ கைநாட்டு. பிறகு அவங்க இஷ்டத்துக்கு நிரப்பிக்கிட்டாங்க. அத வச்சே ஜெயிச்சேன்.

அன்னையில இருந்து எங்கிட்ட வாற ஒவ்வொரு கட்சிக்காரனுக்கும் மொத வேலை, ஒரு நோட்டு வாங்கிக் கையில குடுக்குறதுதான். டைம் எழுதுன்னு சொல்லுவேன். என்ன ஆச்சுன்னு எழுதாத, யாரு திட்டுனான்னு எழுதாத. டைம் எழுது. மனுசன் பொய் சொல்லுவான், மறந்துருவான், மிரட்டுனா மாத்திச் சொல்லுவான். நோட்டு மாறாது.

இருங்க. கதவு திறக்குது... இல்ல, நர்ஸ். ஏம்மா, உள்ள என்னாச்சு? ஏம்மா? பாத்தீங்களா, ஓடுதா. திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கா. சரி, எங்க போறான்னு பாப்போம். பேனாவக் குடுங்க. அஞ்சு பதினொண்ணு.

நான் எங்க விட்டேன்? நோட்டு. ஆமா.

தேவசகாயம்னு ஒரு டாக்டர், கேள்விப்பட்டிருக்கீங்களா? நீங்க இந்த ஊருதானே, கேள்விப்பட்டிருப்பீங்க. ஹைவேல, இங்கேருந்து முப்பது கிலோமீட்டர்ல பச்சைக் கேட்டு போட்டு ஆஸ்பத்திரி வச்சிருந்தாரு. அந்த வட்டாரத்துக்கே அவருதான் பிரசவம் பாத்தாரு. உங்க தங்கச்சிக்கும் அங்கதானா? அது வேற. நல்ல பேரு இருந்துச்சு, நான் இல்லங்கல. நல்ல பேரு இருக்கறவங்ககிட்டதான் கேஸு நல்லா நிக்கும்.

பேச்சிமுத்துன்னு ஒரு லோடுமேன். அவன் பொஞ்சாதி செல்லக்கனி. அவளுக்கும் தலைப் பிரசவம். குழந்தைக்கு நாடித்துடிப்பு இறங்குது, ஆபரேஷன் பண்ணணும்னு தேவசகாயம் சொன்னது மத்தியானம் ரெண்டே காலு. உள்ள கொண்டு போனது மூணு ரெண்டு. நாப்பத்தேழு நிமிஷம். பிள்ள பொறந்து அழல. அப்புறம் மூச்சு வந்துச்சு, ஆனா மூளைக்குக் காத்து போகாம கெட்டுப் போச்சு. இன்னைக்கு அதுக்குப் பதினாலு வயசு. கழுத்து நிக்காது. செல்லக்கனி இடுப்புலயே வச்சிருக்கா.

முப்பது நிமிஷம்தான் அண்ணாச்சி கணக்கு. முடிவெடுத்ததுல இருந்து முப்பது நிமிஷத்துக்குள்ள பிள்ளைய வெளிய எடுக்கணும்னு அவங்க படிக்கிற புத்தகத்துலயே போட்டிருக்கு. அந்தப் புத்தகத்த நானும் வாங்கிப் படிச்சேன். பக்கத்துல அடையாளம் வச்சுக் கோர்ட்டுக்குக் கொண்டு போனேன். கூண்டுல நிறுத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். 'டாக்டர், ரெண்டே காலுக்கும் மூணு ரெண்டுக்கும் நடுவுல நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?' அவ்வளவுதான். சத்தம் போட மாட்டேன். மெதுவாக் கேப்பேன். கேட்டுட்டு உக்காந்துருவேன்.

அவரு சொன்னாரு, 'கையெழுத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். பொண்ணோட அப்பா வந்தாத்தான் போடுவோம்னு சொல்லிட்டாங்க'ன்னு. கோர்ட்டுல யாரு நம்புவா? 'உயிர் போற நேரத்துல பேப்பருக்காக நின்னேன்னு சொல்ல உங்களுக்குக் கூச்சமா இல்லையா டாக்டர்?'னு கேட்டேன். பின்னால உக்காந்திருந்த சனமெல்லாம் ஒரு மாதிரி முணுமுணுத்துச்சு.

உங்ககிட்ட சொல்லுததுக்கென்ன, கேஸு முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு. பேச்சிமுத்து தனியா என்கிட்ட சொன்னான். 'ஆமா சார், மாமனார் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருந்தாரு, அவரு வரட்டும்னு கொஞ்ச நேரம் நின்னோம்'னு. நான் சொன்னேன், 'ஏ, நீ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காதத ஏன் சொல்லுத?' பொய் சொல்லச் சொல்லல, பாத்துக்கிடுங்க. கேக்காதத சொல்லாதன்னுதான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணில்ல.

ஆனா கேஸு திரும்புனது அதுல இல்ல. கேஸ் ஷீட்டுல. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்ட வாங்கிப் பாத்தா, அதுல ஆபரேஷன்னு முடிவெடுத்த நேரம் ரெண்டு நாப்பத்தஞ்சுன்னு இருக்கு. செல்லக்கனியோட தம்பி சிகரெட் அட்டையில ரெண்டு பதினஞ்சுன்னு எழுதி வச்சிருக்கான். எனக்கு ஒரே யோசனை. ஜன்னல் பக்கம் கொண்டு போயி வெளிச்சத்துல சரிச்சுப் பாத்தேன். பதினஞ்சுல இருக்க ஒண்ண நாலாக்கியிருக்காரு அண்ணாச்சி. ஒண்ணுக்கு ஒரு கோடு, ஒரு வளைவு. வேற என்ன வேணும், நாலாயிரும். சென்னைக்கு ஆய்வுக்கு அனுப்பினேன். ரெண்டும் வேற வேற மைன்னு எழுதி வந்துட்டு. முதல்ல எழுதினது ஒரு பேனா, திருத்தினது வேற பேனா. பதட்டத்துல கையில கிடைச்சத எடுத்திருக்காரு மனுசன்.

அன்னைக்கு நான் கோர்ட்டுல சொன்ன வார்த்தை பேப்பர்ல வந்துச்சு. 'ஒரு குழந்தையோட உயிரு ஊசலாடுதப்ப, கடிகாரத்தத் திருத்துற கைக்கு மனுசத்தன்மை இருக்கான்னு கோர்ட்டு முடிவு செய்யட்டும்'னேன். அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. கையெழுத்துக்காகக் காத்திருந்தேன்னு அவரு சொன்னது நெசமாவே இருந்தாலும், திருத்துன கைய யாரு நம்புவா, சொல்லுங்க.

ஆறு மாசத்துல ஆஸ்பத்திரிய மூடிட்டாரு. மகன் வீட்டோட போயிட்டாருன்னு கேள்வி. இப்ப அது டைல்ஸ் கடை. இன்னைக்கு அந்த வழியாத்தானே வந்தோம். பூரணிக்கு வலி கூடிப் போச்சு. பின் சீட்டுல இருந்து, 'அப்பா, முடியலப்பா, இங்க பக்கத்துல ஏதாவது ஆஸ்பத்திரி இருக்காப்பா?'ன்னு கேட்டா. கார் அப்ப சரியா அந்தப் பச்சைக் கேட்டத் தாண்டுது. கேட்டு அதே கேட்டுதான். உள்ள வரிசையா டைல்ஸ் சாத்தி வச்சிருக்கான். 'இல்லம்மா, இன்னும் முப்பது கிலோமீட்டரு, பொறுத்துக்கோ'ன்னேன். கார் ஓட்டிக்கிட்டு இருந்த மாப்பிள்ளை கண்ணாடியில என்னப் பாத்தாரு. நான் ரோட்டப் பாத்தேன்.

ஏன் பாளையங்கோட்டைய விட்டுட்டு இங்க வந்தீங்கன்னு கேக்கீங்களா? எல்லாரும் கேக்கத்தான் செய்வாங்க. அங்க எனக்குப் பயப்படாத டாக்டர் இல்ல அண்ணாச்சி. மூணு பேருகிட்ட போனோம். ஒருத்தரு ஊர்ல இருக்க மாட்டேன்னாரு. ஒருத்தரு பெட் இல்லன்னாரு, கண்ணு முன்னால நாலு பெட் காலியாக் கெடக்கு. ஒரு அம்மா மட்டும் நேராச் சொன்னாங்க, 'சார், உங்க மகளத் தொட்டா என் கை நடுங்கும். நடுங்குற கையால நான் பிரசவம் பாக்கக் கூடாது'ன்னு. அப்படிப் பயம் இருக்கணும். பயம் இருந்தாத்தான் ஒழுங்கா வேல செய்வாங்க. இங்க மாப்பிள்ளை பேருலதான் பதிஞ்சோம். அப்பா தொழில்னு கேட்ட இடத்துல 'வியாபாரம்'னு பூரணியப் போடச் சொன்னேன். போட்டா.

அஞ்சு இருபத்தி நாலு. அதென்ன, ரத்தமா அது? ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டு போறாங்களே. ரெண்டு பை. யாருக்குன்னு கேக்கட்டுமா? வேற ஆபரேஷன் இன்னைக்கு உண்டா? உங்க அம்மாவுக்கு நாளைக்குத்தான் இல்ல? அப்ப... சரி. சிசேரியன்னா ரத்தம் ஏத்துறதெல்லாம் சாதாரணம். நான் எத்தன கேஸ் ஷீட்டு படிச்சிருக்கேன். சாதாரணம்தான்.

பிள்ள சத்தம் ஏதாவது கேட்டுச்சா உங்களுக்கு? நாம பேசிக்கிட்டே இருந்ததுல எனக்குக் கேக்கலையோ என்னவோ. இல்லையா.

சைலப்பன் ஏன் என்கிட்ட பேசலன்னு கேட்டீங்க. கேக்கலையா? நானே சொல்லுதேன்.

நாலு பத்துக்கு அந்த லேடி டாக்டர் வெளிய வந்தாங்க. ஹெப்சிபான்னு பேரு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். 'குழந்தைக்குத் துடிப்பு குறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும், கையெழுத்துப் போடுங்க'ன்னாங்க. வேற ஒருத்தன்னா அழுதிருப்பான். நான் கடிகாரத்தப் பாத்து நோட்டுல எழுதினேன். இந்தா பாருங்க, என் பேனாவுல எழுதினது, கறுப்பு மை. 'நாலு பத்து. ஆபரேஷன்னு சொன்னது.' எழுதி முடிச்சுப் பாக்கேன், மாப்பிள்ளை என் கையில இருந்த பேனாவயே வாங்கிக் கையெழுத்துப் போடக் குனிஞ்சுட்டாரு. படிக்கல, ஒரு வரி படிக்கல. நான் அட்டைய வாங்கிட்டேன். வாங்கிட்டேன்னா, கொஞ்சம் இழுத்துத்தான் வாங்கினேன்.

மூணு பக்கம். பூராவும் இங்கிலீஷு. தமிழ்ல இல்லையான்னு கேட்டேன். கீழ இருக்கு, எடுத்துட்டு வரணும்னாங்க. சரி, எடுத்துட்டு வாங்கன்னேன். கேக்குறது என் உரிமை இல்லையா? வந்துச்சு. ரெண்டாம் பக்கத்துல மயக்க மருந்து குடுக்கறவர் பேரு எழுதுற இடம் காலி. காலி இடத்துக்குக் கீழ நான் கையெழுத்துப் போடலாமா? ரஹ்மத் பீவிக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே சொன்னேன். பேரும் பதிவு நம்பரும் எழுதணும்னேன். அவரு அப்பதான் வண்டிய நிறுத்திட்டு மேல வந்துக்கிட்டு இருந்தாரு. நம்பரு மனப்பாடமா இல்லன்னாரு. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாரு.

மூணாம் பக்கத்துல ஒரு பத்தி. என்ன நடந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பில்லன்னு. அத நான் அடிச்சேன். அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல டாக்டரக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அந்தம்மா சொன்னாங்க, 'சார், நீங்க எத வேணும்னாலும் அடிச்சுக்கோங்க, உள்ள கொண்டு போக மட்டும் விடுங்க. நேரம் இல்ல'ன்னு. எனக்கு சுருக்குன்னு கோவம் வந்துட்டு. நேரம் இல்லன்னு சொல்லித்தானே எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குதீங்க? 'என்ன டாக்டர், மிரட்டுதீங்களா?'ன்னேன்.

பூரணி அப்ப ஸ்ட்ரெச்சர்ல, இந்தா இந்த இடத்துலதான் கிடந்தா. கைய நீட்டி, 'அப்பா, அட்டையக் குடுங்கப்பா. நான் போடுதேன்'னா. இருபத்தெட்டு வயசு, மேஜரு. அவ போட்டா போதும், சட்டம் தெரியாதவனா நான்? ஆனா வலியில துடிக்கிறவ போடுற கையெழுத்து செல்லாதுன்னு இன்னொரு கேஸ்ல வாதாடி ஜெயிச்சவனும் நான்தான். பிறகு அதச் சொல்லியே இவங்க தப்பிச்சுருவாங்க. 'நீ சும்மா படுத்துக்கோ தாயி, உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னேன். அவ கைய மடக்கிக்கிட்டா. அப்பதான் டாக்டர் கேட்டாங்க. 'சார், நீங்க பாளையங்கோட்டை ஆவுடையப்பன் சாரா?'

ஆமான்னேன். மறைச்சு என்ன ஆகப் போகுது.

அதுக்கப்புறம் அந்தம்மா எதையும் மறுக்கல. முகம் வெளுத்துப் போச்சு. நான் சொன்ன இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டாங்க. நான் போட்டோ காப்பி கேட்டேன். ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேரு, எதிர்த்த கடைக்கு ஆள் அனுப்பினாங்க. நர்ஸ் பொண்ணு, 'மேடம், கொண்டு போயிரலாமா'ன்னு ரெண்டு தடவ கேட்டா. 'சார் சொன்னதெல்லாம் முடியட்டும் சிஸ்டர். எல்லாம் முடிஞ்ச பிறகு கொண்டு போவோம்'னு டாக்டரே சொன்னாங்க. காப்பி வந்துச்சு, சரி பாத்தேன், கையெழுத்துப் போட்டேன். நிம்மதியா இருந்துச்சு. இருபத்தாறு வருஷத்துல இவ்வளவு சுத்தமா ஒரு படிவத்த நான் பாத்ததில்ல அண்ணாச்சி. ஒரு ஓட்டை கிடையாது.

மாப்பிள்ளை அப்ப என் சட்டையப் பிடிச்சாரு. ஆமா, பிடிச்சாரு. இந்தா, பட்டன் இல்ல பாருங்க. பதட்டம்.

அஞ்சு முப்பத்தி ஒம்பது. கீழ வேன் சத்தம் கேக்குதா? ரிவர்ஸ் எடுக்கான். ஜன்னல் வழியா கொஞ்சம் எட்டிப் பாருங்களேன். கண்ணாடிப் பெட்டி இறக்குதாங்களா? சின்னக் கண்ணாடிப் பெட்டியா? எனக்குத் தெரியும், அது என்னன்னு எனக்குத் தெரியும். சில பிள்ளைகள முன்ஜாக்கிரதையா அதுல வைப்பாங்க. எதுக்கும் நேரத்த எழுதிருவோம். பேனா.

டாக்டர் வாறாங்க. ஹெப்சிபா. முகமூடிய இறக்கி விட்டிருக்காங்க. எந்திரிச்சுட்டேன்... டாக்டர், டாக்டர்? என்னத் தாண்டிப் போறாங்க பாத்தீங்களா? மாப்பிள்ளைகிட்ட போறாங்க. தகப்பன் நான் இங்க நிக்கேன், எனக்கு ஒரு வார்த்தை இல்ல. அண்ணாச்சி, நீங்க போயி கேட்டுட்டு வாங்களேன். பக்கத்துல போயி சும்மா நில்லுங்க. நான் வந்தா அந்தம்மா பேச மாட்டாங்க. போங்க, நான் உங்க பையப் பாத்துக்கிடுதேன்.

மாப்பிள்ளை ஏன் கீழ உக்காருதாரு?

வந்துட்டீங்களா. சொல்லுங்க. பூரணிக்கு ஒண்ணுமில்லையே? ரத்தம் நிறைய போயிட்டு, ஆனா பிழைச்சுட்டா. பிழைச்சுட்டா. அப்பா, சாமி. தாயி... இருங்க, மூச்சு வாங்குது. பிழைச்சுட்டால்ல. நீங்க காதால கேட்டீங்கல்ல.

பிள்ள? ஆம்பளப் பிள்ளையா. சரி. சரி, அப்புறம்?

அழலன்னா?

முழுசாச் சொல்லுங்க, நான் தாங்குவேன். இப்பவரைக்கும் அழலையா. மூச்சு மெஷின்லதான் போகுதா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. சரி. 'உள்ள எவ்வளவு நேரம் மூச்சு முட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லத் தெரியல, பிழைச்சாலும் எப்படி இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது'ன்னாங்களா? அப்படியா சொன்னாங்க?

சொல்லத் தெரியலையாம். எனக்குத் தெரியும். நான் எழுதி வச்சிருக்கேன். இதுக்குத்தான் சொல்லுதேன், டைம் எழுதணும்னு.

இருங்க, மாப்பிள்ளை வாறாரு. மாப்ள, உக்காருங்க. இங்க உக்காருங்க... போயிட்டாரு. வேன்ல போறாரு போல. என்ன சொல்லிட்டுப் போனாருன்னு கேட்டீங்களா? 'மாமா, நோட்டுல டைம் எழுதியிருக்கீங்கல்ல, அதப் பத்திரமா வைங்க'ன்னாரு. பாத்தீங்களா அண்ணாச்சி? என்னதான் கோவமா இருந்தாலும் அவருக்கும் புரிஞ்சுட்டு. கேஸு போடணும்னு சொல்லுதாரு. அவரு குரல் ஏன் அப்படி இருந்துச்சுன்னு கேக்கீங்களா? பிள்ளையப் பாத்திருப்பாரு, பாவம்.

போடுதேன். விட மாட்டேன். என் பேரனாக்கும். இந்தக் கேஸுக்கு சாட்சி கூட வேண்டாம், இந்த நோட்டு போதும். நீங்களே பாருங்க. நாலு பத்து, ஆபரேஷன்னு சொன்னது. அஞ்சு ரெண்டு, உள்ள கொண்டு போனது. எவ்வளவு ஆச்சு? அம்பத்தி ரெண்டு நிமிஷம். தேவசகாயமே நாப்பத்தேழுதான். கூண்டுல நிறுத்தி நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். 'டாக்டர், நாலு பத்துக்கும் அஞ்சு ரெண்டுக்கும் நடுவுல நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?' மெதுவாக் கேப்பேன். கேட்டுட்டு உக்காந்துருவேன்.

அவங்க என்ன சொல்லுவாங்க?

அவங்க... கையெழுத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லுவாங்க. பொண்ணோட அப்பா...

ஏன் அண்ணாச்சி என்னை அப்படிப் பாக்கீங்க? நீங்களும் இங்கதானே உக்காந்திருந்தீங்க, நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டு? நான் படிக்காம போட்டிருக்கணுமா? காலி இடத்துக்குக் கீழ போட்டிருக்கணுமா? அவ கேட்டா, குடுத்திருக்கலாம். கைய நீட்டுனா. கைய நீட்டிக் கேட்டா, நான்தான்... வலியில சிவந்து போன கை. 'உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னேன். முழிச்சதும் பிள்ள எங்கன்னுதான் கேப்பா. எப்ப முழிப்பான்னு டாக்டர் ஏதும் சொன்னாங்களா?

இந்த நோட்டு மாப்பிள்ளைக்கு எதுக்கு? பத்திரமா வைங்கன்னா, யாருக்காக? அவரு கேஸு போடணும்னு சொன்னது... அவரு யாரு மேலன்னு சொல்லலையே. சொன்னாரா? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. யாரு மேலன்னு சொன்னாரா?

அந்தக் கடிகாரம் சரியா ஓடுதான்னு பாத்துச் சொல்லுங்க. உங்க வாட்சுல மணி என்ன? அஞ்சு அம்பத்தி மூணா. அதுலயும் அதேதானா. ஆனா நாலு மணி வாக்குல கரண்டு போயி வந்துச்சு, நின்னு ஓடியிருக்கலாம். நான் அவசரத்துல பாத்தது. வயசாச்சு, கண்ணு முன்ன மாதிரி இல்ல. டாக்டர் வந்து சொன்னது நாலு பத்துதானா, இல்ல நாலு நாப்பதா? யோசிச்சுப் பாத்தா நாலு நாப்பதாத்தான் இருக்கணும். வெயில் அந்த ஜன்னலுக்குக் கீழ இறங்கிட்டு, எனக்கு ஞாபகம் இருக்கு. நாலு நாப்பதுன்னா இருபத்திரண்டு நிமிஷம்தான். இருபத்திரண்டுல யாரு மேலயும் குத்தம் இல்ல அண்ணாச்சி. அந்தம்மா மேலயும் இல்ல. பாவம், அவங்களுக்கும் அது நல்லதுதானே. யாரு மேலயும் இல்ல.

பேனாவத் தாங்க ஒரு நிமிஷம்.

இல்ல, வேண்டாம், நீங்களே வச்சுக்கிடுங்க. இது நீலம். நீலம் ஆகாது. அந்த ரிசப்ஷன்ல கேட்டு, இல்லன்னா கீழ மருந்துக் கடையில கேட்டு, கறுப்பு மைப் பேனா ஒண்ணு வாங்கிட்டு வாரீங்களா அண்ணாச்சி?